பொம்பிளை பார்க்கிற நாளும் மூன்றாவது மச்சும்

செவ்வாய்க்கிழமை பிலடெல்பியாவில் ஓவர்டைமில் கனடா கோல் போட்டபோது விநாயகமூர்த்தி மிகவும் நல்ல மனிதராக இருந்தார். எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லக்கூடிய நிலை. அந்த நிலை அதிக நேரம் நீடிக்காது என்பது அவருடைய மனைவி ஜெயமலருக்குத் தெரியும். ஆகவே தாமதிக்காமல் கேட்டாள்.

"அருள்நாயகம் அண்ணை ரெலிபோன் எடுத்தவர். அந்த நியூஜேர்சி ஆக்கள் இந்தக் கிழமை முடிவில இஞ்ச வருகினமாம். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையைப் பாக்க வரச் சொல்லட்டோ?"

"சொல்லும், சொல்லும்."

"பிறகு மச் கிச் எண்டு நிக்கக்கூடாது."

"என்ன மச்? வியாழக்கிழமையோட எங்கட அலுவல் முடிஞ்சுது. மூண்டு மச்சில ரெண்டு வெண்டாக் கோப்பை. ஒண்டு வெண்டாச்சு. அடுத்தது எங்கட மண்ணில, மொன்றியல்ல. மூண்டாவது மச் நடக்கவே நடக்காது. நீர் வரச் சொல்லும்."

1996ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஐஸ் ஹொக்கி உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றில் கனடாவும் அமெரிக்காவும் மோதிக்கொண்டிருந்தன. ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருந்த அந்த அப்பார்ட்மென்டின் பல்கனியில் ஒரு கனடாக் கொடி கட்டப்பட்டிருந்தது. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் விநாயகமூர்த்திக்குக் கிடைத்த வேலை, ஸ்காபரோவில் ஒரு ஐஸ் அரங்கில் கதிரைகளுக்கு அடியில் கூட்டுவது. கூட்டக் கூட்டப் பார்த்தார். பார்க்கப் பார்க்க விளங்கியது. பாண் தொழிற்சாலைக்கு வேலை மாறிய பிறகும் அந்தப் பைத்தியம் மட்டும் மாறவில்லை. கோயிலில் கண்ட ஆட்களுக்கும் ஓப்சைட் என்றால் என்னவென்று விளக்குவார். அதனால் சிலர் அவரைக் கண்டதும் வேறு சந்நிதிக்குப் போய்விடுவார்கள்.

வியாழக்கிழமை அமெரிக்கா ஐந்துக்கு இரண்டு என்று வென்றது. மூன்றாவது மச் சனிக்கிழமை இரவு.

ரீவியை நிறுத்திவிட்டு விநாயகமூர்த்தி அதன் கறுத்த கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். அறைக்குள்ளிருந்து மகள் நிலாணியின் குரல் மட்டும் வந்தது.

"அப்பா, சனிக்கிழமை என்ன நிறச் சீலை கட்டுறது? சிவப்பு வெள்ளையோ?"

நிலாணிக்கு இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் எடுக்கிற வேலை. ஊசியைக் கண்டு பயப்படுகிறவர்களிடம் பகிடி விட்டு, அவர்கள் சிரிக்கிற நேரத்தில் குத்திவிடுவாள். வீட்டிலும் அதே பழக்கம்தான்.

அடுத்த நாள் தொழிற்சாலையில் வேறு கதை இல்லை. மா குழைக்கும் இயந்திரத்தில் யாரோ கொடி ஒட்டியிருந்தார்கள். போர்மன் ஒவ்வொருவரிடமும் நாளைக்கு எங்கே மச் பார்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டு வந்தான். விநாயகமூர்த்தியிடம் கேட்டபோது "வீட்டில்" என்றார். அது உண்மைதான். பார்ப்பதாக அவர் சொல்லவில்லை.

அவரோடு ஒரே லைனில் நிற்கும் அகஸ்ரினுக்கு மட்டும் முழு விபரமும் தெரியும்.

"அண்ணை, சுகமில்லை எண்டு படுங்கோவன்."

"பொம்பிளையின்ர தேப்பன் படுத்தா, குடும்பத்தில ஏதோ வருத்தம் எண்டு நினைப்பாங்கள்."

அகஸ்ரின் யோசித்தான். பிறகு தன் அலுமாரியைத் திறந்து, தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன றேடியோவையும் காதில் செருகும் வயரையும் எடுத்துக் கொடுத்தான். "வயரைச் சேட்டுக் கைக்குள்ளால விடுங்கோ. கையைக் காதில வைச்சுக்கொண்டு யோசிக்கிற மாதிரி இருங்கோ. உங்களை ஆழமான மனுசன் எண்டு நினைப்பினம்."

அன்று பின்னேரம் ஜெயமலர் கடைக்குப் போன நேரம் பார்த்து விநாயகமூர்த்தி அருள்நாயகத்துக்கு ரெலிபோன் எடுத்தார். அருள்நாயகம் ஜெயமலரின் ஒன்றுவிட்ட தமையன். ரூஜ் பக்கம் புது வீடு வாங்கியவர். நியூஜேர்சிக்காரர்கள் அங்கேதான் தங்கியிருந்தார்கள்.

"அண்ணை, சனிக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாக்கினா என்ன?"

"ஞாயிற்றுக்கிழமை விடிய அவை வெளிக்கிடுகினம். திங்கள் வேலை."

"அப்ப சனிக்கிழமை மத்தியானம்?"

"மத்தியானம் எங்கட வீட்டில சாமத்தியச் சடங்கல்லோ. நீயும் வரவேணும்."

"அப்ப ஆறரைக்கு வந்தா எட்டுக்குப் போயிடுவினம், என்ன?"

"மூர்த்தி, நீ பிள்ளையைக் கட்டிக் குடுக்கப் போறியோ, பஸ்ஸில ஏத்தப் போறியோ?"

ஜெயமலர் கடையால் வந்ததும் முதல் வேலையாக ரீவியின் வயரைக் கழற்றினாள். பூவேலை செய்த வெள்ளைத் துணி ஒன்றால் அதை மூடினாள். மேலே ஒரு பூச்சாடியை வைத்தாள். ரிமோட்டைக் காணவில்லை. அது அரிசி வாளிக்குள் இருக்கிறது என்பதை நிலாணி கண்டாள். ஆனால் தகப்பனுக்குச் சொல்லவில்லை.

"அம்மா, அவையளும் எங்களோட இருந்து மச் பாத்தா என்ன?"

"பொம்பிளை பாக்க வாற சனத்துக்கு ஹொக்கி காட்டுறதோ? என்ன கதை கதைக்கிறாய்?"

"போன வருசம் ஒராள் வந்து ஒரு மணித்தியாலம் தன்ர வீட்டு பேஸ்மென்டைப் பற்றிக் கதைச்சுப் போட்டுப் போனார். அதில நான் என்னத்தைக் கண்டன்? ரோல்ஸ் சாப்பிடேக்க எல்லாரும் நல்ல பிள்ளையள்தான். தோக்கேக்க எப்பிடி இருக்கினம் எண்டு பாக்கவேணும்."

"முதல்ல உன்ர கொப்பா தோக்கேக்க எப்பிடி இருக்கிறார் எண்டு அவை பாத்தினமெண்டாக் காணும்" என்றாள் ஜெயமலர். "இந்தச் சம்மந்தம் அந்த இடத்திலயே முடிஞ்சிடும்."

சனிக்கிழமை காலையிலிருந்தே தெருவில் கார்கள் கொடி கட்டிக்கொண்டு ஓடின. கட்டடத்தின் லிப்டில் முன்பின் தெரியாத ஒரு ஜமேக்காக்காரன் விநாயகமூர்த்தியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். அவரும் உயர்த்தினார். மனம் ஒரு கணம் நிறைந்தது. உடனே பூச்சாடி ஞாபகம் வந்து இறங்கியது.

ஆறரைக்கு வரவேண்டியவர்கள் ஏழேகாலுக்கு வந்தார்கள். முன்னால் அருள்நாயகம். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தகப்பன் கனகசபாபதி, பெரிய உடம்பு, அதற்கேற்ற மீசை, கழுத்தை இறுக்கிய ரை. அவருடைய மனைவி மெலிந்த, அமைதியான மனுஷி. கடைசியாக மாப்பிள்ளை துஷ்யந்தன். கம்ப்யூட்டர் வேலை. சப்பாத்தைக் கழற்றி, தகப்பன் கழற்றி எறிந்ததையும் சேர்த்து ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தான். நிலாணி அதைக் குசினி வாசலில் நின்று கண்டாள்.

வழக்கமான கதைகள் தொடங்கின. எந்தப் பக்கம், எந்தப் பள்ளிக்கூடம், ஆரை ஆருக்குத் தெரியும். விநாயகமூர்த்தி வலது கையைக் காதில் பொத்தியபடி ஆழமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மூர்த்தி, பல்லுக் கொதியோ?" என்றார் அருள்நாயகம்.

"இல்லை அண்ணை. யோசினை."

கனகசபாபதி எழும்பி, பாத்றூம் எங்கே என்று கேட்டார். போனவர் திரும்பி வரச் சுணங்கியது. வந்து பத்து நிமிடத்தில் மறுபடியும் எழும்பினார். அவருடைய மனைவி தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இவருக்குக் கொஞ்சம் சுகர்."

ஜெயமலர் அனுதாபப்பட்டாள். மனதுக்குள் அது பரம்பரையாக வருமோ என்றும் யோசித்தாள்.

அப்போதுதான் விநாயகமூர்த்தியின் காதுக்குள் அமெரிக்கா முதல் கோல் போட்டது. அவருடைய முகம் தொங்கிப்போயிற்று. அதே நேரம் பாத்றூம் கதவு திறந்தது. கனகசபாபதி முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். சுகர்க்காரர், இரண்டு பயத்தம் பணியாரத்தை ஒன்றாக எடுத்து வாயில் போட்டார்.

விநாயகமூர்த்தி அவரை உற்றுப் பார்த்தார். சந்தேகம் வந்தது. ஆனால் எப்படிக் கேட்பது?

நிலாணி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தாயின் பக்கத்தில் அமர்ந்தாள். கனகசபாபதி நான்காவது தடவையாகப் பாத்றூம் போயிருந்தார். இந்த இடைவெளியில் முக்கியமான கேள்வியைக் கேட்டுவிடலாம் என்று அவருடைய மனைவி நினைத்தாள் போலும்.

"இல்லை, நாங்கள் பிறகு ஒண்டும் மனசில வைச்சிருக்கக்கூடாது பாருங்கோ. கலியாணம் முடிஞ்சாப் பிள்ளை அமெரிக்காவுக்கு வரவேண்டி வரும். அதுக்கு உங்களுக்கெல்லாம் சம்மதமோ?"

"ஓம்!" என்று கத்திக்கொண்டு விநாயகமூர்த்தி எழும்பினார். "ஓம்! ஓம்!"

நிலாணி தகப்பனைப் பார்த்தாள். இரண்டாவது பகுதி முடிய ஒருசில விநாடிகள் இருக்கும்போது கனடா சமப்படுத்தியிருந்தது என்பது அங்கே வேறு ஒருவருக்கும் தெரியாது. எழும்பிய வேகத்தில் சேட்டுப் பையிலிருந்த றேடியோ விழுந்தது. வயர் கழன்றது. மொன்றியலில் இருபதாயிரம் பேர் போட்ட சத்தம் ஜெயமலரின் கம்பளத்தின் மேல் கிடந்து இரைந்தது.

பாத்றூம் கதவு படாரென்று திறந்தது. கனகசபாபதி ஓடி வந்தார். அவருடைய கையிலும் ஒரு றேடியோ. அதன் வயர் இன்னும் காதில் தொங்கியது.

"சமப்படுத்திப் போட்டாங்கள், என்ன?" என்று கேட்டார். பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டார்.

அவருடைய மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. சுகர் சுகர் எண்டு பொய் சொல்லி எனக்குக் களைச்சுப் போச்சு."

ஜெயமலர் எழும்பிக் குசினிக்குள் போனாள். அழப் போகிறாளோ என்று அருள்நாயகம் பயந்தார். அவள் அரிசி மணிகள் ஒட்டிய ரிமோட்டோடு திரும்பி வந்து, கணவனின் மடியில் வைத்தாள்.

"துணியைக் கவனமா எடுங்கோ. பூச்சாடி உடையும்."

துஷ்யந்தன் எழும்பிப் பூச்சாடியைத் தூக்கினான். நிலாணி கழற்றிய வயரைச் செருகினாள்.

மூன்றாவது பகுதி தொடங்கியபோது இரு தகப்பன்மாரும் ஒரே சோபாவின் இரு முனைகளில் இருந்தார்கள். நடுவில் அருள்நாயகம், எல்லைக் காவலரைப் போல. ஒன்றுக்கு ஒன்று. யார் அடுத்த கோல் போட்டாலும் கோப்பைக்குப் பக்கத்தில் போய்விடுவார்கள். கனகசபாபதி ரையைத் தளர்த்தினார். விநாயகமூர்த்தி கால்களைச் சோபாவின் மேல் மடக்கிக்கொண்டார்.

"நியூஜேர்சியில ஐஸ் இருக்கோ?" என்று மரியாதையாக விசாரித்தார்.

"இருக்கு. கனடாவில ஐஸ் மட்டும்தான் இருக்கு எண்டு கேள்வி" என்றார் கனகசபாபதி, அதைவிட மரியாதையாக.

துஷ்யந்தன் கம்பளத்தில், நிலாணியின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தான்.

"உங்களுக்கும் இந்தப் பைத்தியம் இருக்கோ?" என்று நிலாணி மெல்லக் கேட்டாள்.

"எனக்கு அந்த பக் எண்ட கறுத்த வட்டு எங்க போகுதெண்டே தெரியாது. அப்பா எழும்பினா எழும்புவன்."

"இண்டைக்கு ஆர் வெல்லவேணும் எண்டு நினைக்கிறீங்கள்?"

அவன் தகப்பனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கனடா. அமெரிக்கா வெண்டா, நாளைக்கு எட்டு மணித்தியாலமும் அப்பா காருக்குள்ள ஒவ்வொரு கோலா விளங்கப்படுத்துவார். தோத்தா நியூஜேர்சி மட்டும் வாய் திறக்கமாட்டார். நானும் அம்மாவும் நிம்மதியாப் போய்ச் சேருவம்."

நிலாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயமலர் அதைக் கண்டு, காணாதவள் போல ரோல்ஸ் தட்டை நகர்த்தி வைத்தாள்.

முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது கனடா இரண்டாவது கோலைப் போட்டது. கட்டடமே அதிர்ந்தது. மேல்மாடியில் யாரோ தரையை உதைத்தார்கள். விநாயகமூர்த்தி அருள்நாயகத்தைக் கட்டிப்பிடித்தார். அடுத்த மூன்று நிமிடங்களும் அவர் உலகத்தில் எல்லோரையும் மன்னிக்கத் தயாராக இருந்தார். "தம்பி, ரோல்ஸ் எடும். அக்கா, நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்ல. கனகசபாபதி அண்ணை, கவலைப்படாதேங்கோ, உங்கட ஆக்களும் நல்லாத்தான் விளையாடினவை."

கனகசபாபதி மீசையின் ஒரு நுனியை வாய்க்குள் விட்டுச் சப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தது மிகவும் விரைவாக நடந்தது. மூன்று நிமிடமும் சொச்சமும் இருக்க அமெரிக்கா சமப்படுத்தியது. தடியை மிக உயரத் தூக்கித் தட்டினானா என்று நடுவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். "தடி தோளுக்கு மேல! குருடனுக்கும் தெரியும்" என்றார் விநாயகமூர்த்தி. நடுவர்கள் கோல் என்றார்கள். அந்த ஆத்திரம் அடங்குமுன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இன்னொன்று. கடைசியில் கனடா வலையைக் காக்கும் கோலியையும் வெளியே எடுத்துவிட்டு முன்னால் ஓடியது. வெறும் வலைக்குள் அமெரிக்கா ஒன்று போட்டது, பிறகு இன்னொன்று. ஐந்துக்கு இரண்டு.

கனகசபாபதி ஒருமுறை பெரிதாகக் கத்தினார். பிறகு அந்த வீட்டில் தன்னுடைய சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்பது அவருக்கு விளங்கியது. துஷ்யந்தன் கையை நீட்டி, ரீவியின் சத்தத்தை மெல்லக் குறைத்தான். விநாயகமூர்த்தி எழும்பிப் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

ஜெயமலர் நெற்றியில் கைவைத்தாள். "நான் சொன்னன்" என்று மகளிடம் முணுமுணுத்தாள்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கனகசபாபதியும் பல்கனிக்குப் போனார். கீழே கெனடி வீதியில் கார்கள் கோர்ன் அடிக்காமல் போய்க்கொண்டிருந்தன. விநாயகமூர்த்தி திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணை, அந்தத் தடி கொஞ்சம் உயரத்தான்" என்றார் கனகசபாபதி.

"கொஞ்சமோ?"

"சரி, நல்ல உயரம்."

விநாயகமூர்த்தி கொடியின் ஒரு முனையைப் பிடித்து மடிப்பை நேராக்கினார். பேசத் தொடங்கியபோது அவருடைய குரல் ஹொக்கியைப் பற்றிப் பேசும் குரலாக இருக்கவில்லை.

"அதில்லை அண்ணை. ஒரே நாளில கோப்பையையும் கொண்டு போறியள். பிள்ளையையும் கொண்டு போகப் போறியள். நான் இஞ்ச இருந்து ஆரோட மச் பாக்கிறது? தாய்க்கு ஒரு கண்டறியாத சினம். இவள்தான் பக்கத்தில இருந்து பகிடி பண்ணிக்கொண்டாவது பாப்பாள்."

கனகசபாபதி இதை எதிர்பார்க்கவில்லை. அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"கோப்பையைத் திருப்பித் தரமாட்டம்" என்றார் கடைசியில். "அது அந்த நாட்டு வழக்கம். ஆனாப் பிள்ளை நினைச்ச நேரம் வரலாம். நீங்களும் வரலாம். எங்கட வீட்டு ரீவி இதிலும் பெரிசு. எனக்கும் ஆளில்லை அண்ணை. உவன் நான் எழும்பினா எழும்புவான். அவ்வளவுதான்."

"அமெரிக்கக் கொடி கட்டின வீட்டுக்கோ?"

"ஒரு பக்கத்தில உங்கட கொடியையும் கட்டுவம்."

"எந்தப் பக்கம்?"

கதவு திறந்தது. நிலாணி இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவளுடைய கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. வாய் மட்டும் வழக்கம்போல இருந்தது.

"ரெண்டு பேரும் கொடி கட்டுறதெண்டாக் கட்டுங்கோ. நான் இன்னும் ஓம் சொல்லேல்ல. ஓம் எண்டு கத்தினது அப்பாதான். வேணுமெண்டா அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

கனகசபாபதி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. விநாயகமூர்த்தி சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தார். முடியவில்லை.

அதன் பிறகு அவர்கள் இருவரும் உள்ளே வர அரை மணித்தியாலம் சென்றது. கண்ணாடிக்கு அப்பால் கைகள் ஆடுவதும், தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்து யார் எங்கே நின்றான் என்று காட்டுவதும் தெரிந்தது. சண்டை முற்றுகிறதோ என்று ஜெயமலர் கலங்கினாள். மாப்பிள்ளையின் தாய் அவளுடைய கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"விடுங்கோ. இவர் ஒராளோட இவ்வளவு நேரம் கதைச்சு நான் கண்டு கனகாலம். அங்க எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

போகும்போது கனகசபாபதி லிப்ட் கதவைக் காலால் மறித்துக்கொண்டு, நான்காவது கோலைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் சொன்னார். மகன் அவருடைய காலை உள்ளே எடுத்து வைத்தான். கதவு சாத்துமுன் நிலாணியிடம் "நாளைக்கு வெளிக்கிட முதல் ரெலிபோன் எடுக்கட்டோ?" என்று கேட்டான்.

"எடுங்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரெலிபோன் அடித்தது. ஜெயமலர் ஓடி வருவதற்குள் நிலாணி எடுத்துவிட்டாள். சுவரோடு சாய்ந்து, வயரை விரலில் சுற்றியபடி நின்றாள். மறுமுனையில் யாரோ நீளமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிலாணி இடையிடையே "ஐயோ பாவம்" என்றாள். பிறகு சிரித்தாள். பிறகு "எனக்கும் அதேதான், அப்பா இரவெல்லாம் நித்திரையில தடி தடி எண்டு புலம்பினவர்" என்றாள்.

ஜெயமலர் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். மகள் ரெலிபோனை வைக்கப் பதினைந்து நிமிடம் ஆனது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை. காரில ஏறப் போகினமாம்."

"காரில ஏறுறதைச் சொல்லப் பதினைஞ்சு நிமிசமோ?"

"போய்ச் சேந்ததும் எடுக்கிறாராம்" என்றாள் நிலாணி. "எடுக்கச் சொல்லிச் சொன்னனான்."

ஜெயமலர் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்த கணவனைத் தட்டி எழுப்பினாள்.

"இஞ்சரப்பா, எழும்புங்கோ. அருள்நாயகம் அண்ணைக்குச் சொல்லவேணும். பிள்ளைக்குப் பிடிச்சுப் போச்சுப் போல."

போர்வை மெல்ல அசைந்தது.

"தெரியும்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "அந்தப் பெடியன் சத்தத்தைக் குறைக்கேக்கயே எனக்குப் பிடிச்சுப் போச்சு."